பை இல்லாத சட்டை

அவருக்குத் தெருவே சேர்ந்து வைத்த பெயர் சைலன்சர். காரின் புகைக்குழாயை வெட்டி, ஒட்டி, சத்தத்தை அடக்கித் தருவது தொழில் என்பது ஒரு காரணம். வாயைத் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச மாட்டார் என்பது இன்னொரு காரணம். இருபத்தாறு வருடமாக வண்டிகளுக்கு அடியில் மல்லாந்து படுத்தே காலத்தைத் தள்ளிய மனுஷன். "உங்க வீட்டுக்காரர் முகமே எங்களுக்குத் தெரியாதுங்க, கால் ரெண்டுதான் தெரியும்" என்று பக்கத்து டயர்க் கடைக்காரர் அவர் மனைவியிடம் சொல்லிச் சிரிப்பார்.

ஆனால் காது என்றால் அதுதான் காது. தெருமுனையில் ஒரு வண்டி திரும்பும்போதே எந்த மூட்டில் புகை கசிகிறது என்று சொல்லிவிடுவார். அடியில் புகுந்து பார்த்தால் அவர் சொன்ன இடத்தில்தான் கரி படிந்திருக்கும்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. சட்டையின் இடது பைதான் அவருடைய கணக்குப்பிள்ளை. கடைசியில் மாட்ட வேண்டிய நட்டு, வாஷர், கிளிப் எல்லாவற்றையும் வேலை தொடங்கும்போதே அந்தப் பையில் போட்டுக்கொள்வார். ஒவ்வொன்றாக எடுத்து மாட்டுவார். முடிந்ததும் உள்ளங்கையால் நெஞ்சை ஒரு தடவு தடவுவார். கைக்கு ஒன்றும் தட்டுப்படாவிட்டால் வேலை முடிந்தது, சாவியைக் கொடுக்கலாம். எழுதி வைப்பது, திரும்பச் சரிபார்ப்பது எதுவும் கிடையாது. இத்தனை வருடத்தில் அந்தப் பை ஒருதரம்கூட அவரை ஏமாற்றியதில்லை. ஒருதரம் ஏமாற்றியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், ஏதாவது ஓட்டை வண்டியில். அப்போதே புத்தி வந்திருக்கும்.

அவருடைய மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி, அவருக்கு நேர் எதிர். அவன் வாய்க்குப் பூட்டே கிடையாது. தாயில்லாப் பிள்ளை, அக்காதான் தூக்கி வளர்த்தாள். அதனால் அவன் கேட்டு அந்த வீட்டில் இல்லை என்ற பேச்சே எழுந்ததில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அவன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைக் கொண்டுவந்து பட்டறை வாசலில் நிறுத்தினான். இரண்டே இருக்கை. தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு நின்றது.

"மாமா, இதுக்கு எலெக்ட்ரிக் கட்-அவுட் போடணும். ரெண்டு குழாயிலயும்."

சைலன்சர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். கட்-அவுட் என்றால் அவருக்குத் தெரியாதா என்ன? வண்டியின் சைலன்சர் பெட்டிக்கு முன்னாலேயே குழாயை வெட்டி ஒரு கிளை வைப்பது. கிளையின் வாயில் ஒரு தகட்டு மூடி, அதைத் திறந்து மூட ஒரு குட்டி மோட்டார். டிரைவர் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு பட்டன். அமுக்கினால் மூடி திறந்து, புகை சைலன்சர் பக்கமே போகாமல் வண்டிக்கு அடியிலேயே பீறிட்டு வரும். இன்ஜின் வாய்விட்டு அலறும்.

"நான் சத்தத்தை மூடறவன் மாப்ள," என்றார். "திறக்கறவன் இல்ல."

"ஒரே ஒரு தடவை திறந்துதான் பாருங்களேன் மாமா! ஞாயித்துக்கிழமை பாப்பாவை இதுலதான் கொண்டுபோய் விடப்போறேன். மலையே திரும்பிப் பார்க்க வேணாமா?"

பாப்பா என்பது சைலன்சரின் ஒரே மகள். இருபத்திரண்டு வயதாகியும் வீட்டில் பாப்பாதான். மலையூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் டீச்சர் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். பஸ்ஸில் போகிறேன் என்றவளை மாமன்காரன் விடவில்லை. பெட்டியை முன்னாலேயே பார்சலில் அனுப்பு, நீ ராணி மாதிரி என் பக்கத்தில் உட்கார் என்று ஒற்றைக் காலில் நின்றான்.

"தம்பி ஆசையா கேக்கறான். செஞ்சு குடுங்களேன்," என்றாள் மனைவி. அதற்கு மேல் அப்பீல் ஏது.

சனிக்கிழமை காலையில் வண்டியை மேலே தூக்கி நிறுத்தி வேலையை ஆரம்பித்தார். மனது ஒட்டவே இல்லை. குழாயை வெட்டும்போது இரண்டு தடவை பிளேடு உடைந்தது. கிளையை வைத்து வெல்டிங் அடித்தார். வழக்கமாகக் கிளையின் வாயைத் தரையைப் பார்த்து, பின்பக்கமாக வளைத்து விடுவார், புகை வண்டியை விட்டு விலகிப் போவதற்காக. இந்த வண்டியின் உயரத்துக்கு அந்த வளைவு எந்த வேகத்தடையிலும் இடிக்கும்.

"அந்த வளைவை வெட்டிடுங்க மாமா. பக்கவாட்டுல பார்த்தா போதும்."

"புகை அடியிலேயே தங்கும்டா."

"ஓடற வண்டியில எங்க மாமா தங்கும்? காத்துல பறந்துடாதா?"

ஓடுகிற வண்டியில் தங்காது, உண்மைதான். நிற்கிற வண்டியைப் பற்றி அவரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. வளைவை வெட்டிப் போட்டார்.

பிறகு ஒயர். இரண்டு மோட்டாரின் ஒயரும் மேலே பட்டனுக்குப் போக வேண்டும். டிரைவர் சீட்டுக்கு அடியில் தரைத்தகட்டில் துளை போட்டார். ஒயர் மெல்லியதுதான், ஆனால் அதன் முனையில் இருந்த பிளக் தடியாக இருந்ததால் துளை இரண்டு விரல் நுழையும் அளவுக்குப் பெரிதாகிவிட்டது. அந்தத் துளையை அடைக்கக் கறுப்பு ரப்பர் வளையம் ஒன்று இருந்தது. ஒயரைச் சுற்றி இறுக்கமாகக் கவ்விக்கொள்ளும், புகையோ தண்ணீரோ உள்ளே வராது. ஒயரையெல்லாம் இழுத்து முடித்த பிறகு கடைசியாகத்தான், அடியிலிருந்து, அதை மாட்ட வேண்டும். எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். பாருங்கள், இதுவரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

ஒயரை இழுத்தார். கார்ப்பெட்டை விரித்தார். பட்டனை அமுக்கிப் பார்த்தார். அடியில் இரண்டு மூடியும் கிர்ர்ரென்று திறந்தன, மறுபடி அமுக்கினால் மூடிக்கொண்டன. மைத்துனன் குழந்தை மாதிரி கை தட்டினான்.

"மாமா, ஒரு போட்டோ! நீங்களும் வண்டியும்."

"இந்த அழுக்குச் சட்டையோடயா?" என்றாள் மனைவி, அந்த நேரம் பார்த்துச் சாப்பாடு கொண்டுவந்தவள். "கழட்டுங்க முதல்ல. தம்பி உங்களுக்குன்னு வாங்கிட்டு வந்ததைப் போடுங்க."

அவன் வாங்கி வந்திருந்தது கறுப்பு டீ-ஷர்ட். நெஞ்சில் சிவப்புக் கார் படம், அவன் காரைப் போலவே. சைலன்சர் கூச்சத்தோடு மாட்டிக்கொண்டார். பாப்பா விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பாவுக்குப் பத்து வயசு குறைஞ்சிடுச்சு!" அழுக்குச் சட்டையைச் சுருட்டி மனைவி கூடையில் போட்டுக்கொண்டாள்.

போட்டோ எடுத்தார்கள், சாப்பிட்டார்கள். சைலன்சர் வண்டியைக் கீழே இறக்கி ஒரு சுற்று சுற்றி வந்தார். பழக்கம் விடுமா? உள்ளங்கை நெஞ்சைத் தடவியது. தட்டையாக இருந்தது. சாவியைக் கொடுத்துவிட்டார்.

பை காலியாக இல்லை ஐயா, பையே இல்லை. அது அந்தக் கைக்கு எப்படித் தெரியும்!

மைத்துனன் கட்-அவுட்டைத் திறந்து தெருவை இரண்டு சுற்றுச் சுற்றினான். கம்பியில் உட்கார்ந்திருந்த காக்கைகள் ஒன்றுகூட மிச்சமில்லை. டயர்க் கடைக்காரர் காதைப் பொத்திக்கொண்டு, "சைலன்சரு, ஊமையா இருந்த மனுஷன் இப்படியா வாயைத் திறப்பீங்க!" என்று கத்தினார். திரும்பி வந்து இறங்கியவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான்.

"லேசா தலை பாரமா இருக்கு அக்கா."

"இந்தச் சத்தத்துக்குத் தலை வலிக்காம என்ன பண்ணும்?" என்றாள் அவள். எல்லோரும் சிரித்தார்கள். உள்ளே கொஞ்சம் புகை வாடை இருக்கிறது என்றும் சொன்னான். புது வெல்டிங், இரண்டு நாளில் போய்விடும் என்றார் சைலன்சர். புது வெல்டிங் வாடை அடிக்கத்தான் செய்யும். அந்தத் தொழிலில் இருக்கிற யாரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்குக் கிளம்பினார்கள். மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. "மூடி வெச்சே ஓட்டு மாப்ள," என்று ஜன்னலில் குனிந்து சொன்னார். "சரி மாமா, சரி மாமா" என்றவன் தெருமுனை தாண்டுவதற்குள் திறந்துவிட்டான். சைலன்சர் வாசலிலேயே நின்று கேட்டார். அந்த அலறலுக்குள் வேறு ஏதோ ஒன்று இருப்பதுபோல் இருந்தது. என்னவென்று பிரிக்க முடியவில்லை. அவருடைய காது முதல்முறையாகக் கைவிட்டது. டீ குடிக்க உள்ளே போனார்.

பதினொன்றரைக்குப் பாப்பாவிடமிருந்து அம்மாவுக்குச் செய்தி வந்தது, அவள் அதை அவருக்குப் படித்துக் காட்டினாள். மலைப்பாதையில் மரம் விழுந்திருக்கிறது, வண்டிகள் வரிசையாக நிற்கின்றன, பேய் மழை, கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசி போட்டு உட்கார்ந்திருக்கிறோம், மாமா தூங்கிவிட்டார். "நல்லா தூங்கட்டும், காலையில சீக்கிரம் எழுந்தவன்," என்று சொல்லிக்கொண்டே அவள் துவைக்க உட்கார்ந்தாள். வழக்கம்போல் சட்டைப் பைக்குள் கையை விட்டுப் பார்த்தாள்.

"என்னங்க, இது என்ன? உங்க பையில கிடந்துச்சு."

அவள் உள்ளங்கையில் ரப்பர் வளையம்.

சைலன்சர் அதை வாங்கிக்கொண்டு போனைத் தேடினார். நின்ற வண்டி. ஓடும் இன்ஜின். ஏற்றிய கண்ணாடி. அடியில் தேங்கிய விஷப் புகை, சீட்டுக்கு அடியில் இரண்டு விரல் துளை. தூங்கிவிட்டார் என்றல்லவா எழுதியிருக்கிறாள். அது தூக்கமா?

மகளுக்குப் போன் போட்டார். தொடர்பு கிடைக்கவில்லை. மறுபடி போட்டார், கிடைக்கவில்லை. மைத்துனனுக்குப் போட்டார், மணி அடித்து அடித்து ஓய்ந்தது. எட்டாவது தடவையோ ஒன்பதாவது தடவையோ, பாப்பாவின் போன் எடுக்கப்பட்டது.

குரல் இல்லை. இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டது. மூடி திறந்த கட்-அவுட், நின்ற இடத்திலேயே நிதானமான ஐடிலிங், ஒரு துளி பிசிறு இல்லாமல். அவர் கைப்பட்ட வேலை அல்லவா, அருமையாக ஓடிக்கொண்டிருந்தது.

"பாப்பா!"

"ம்..."

"பாப்பா, கதவைத் திற!"

"மழை பெய்யுதுப்பா..." என்றது குரல், எங்கோ கிணற்றடியிலிருந்து. "சீட்டு நனைஞ்சிடும். மாமா திட்டுவாரு."

"நனையட்டும்! திற! கதவைத் திறடி!"

இருபத்தாறு வருடம் பேசாமல் சேர்த்துவைத்த சத்தம் முழுவதும் அன்றைக்கு வெளியே வந்தது. டயர்க் கடைக்காரர் ஓடி வந்துவிட்டார். மனைவி சோப்பு நுரைக் கையோடு நின்றாள், கல்யாணமான நாளிலிருந்து அந்தக் குரலை அவள் கேட்டதில்லை. "திற! திற! திற!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டே இருந்தார்.

போனில் ஏதோ உராய்ந்தது. பிறகு மழைச் சத்தம் திடீரென்று பெரிதானது. கதவு திறந்துவிட்டது. போன் எங்கோ விழுந்தது. இன்ஜின் மட்டும் நிற்கவில்லை. அதன் ஒவ்வொரு துடிப்பையும் அவர் கேட்டார். நில், நில்லேன், நின்று தொலையேன் என்று மனதுக்குள் கெஞ்சினார். எத்தனை நிமிடம் என்று தெரியாது. யாரோ ஓடி வரும் சத்தம், யாரோ கத்தும் சத்தம். அப்புறம் சட்டென்று இன்ஜின் நின்றது.

"யாருங்க போன்ல?" ஒரு லாரி டிரைவரின் குரல். "பொண்ணு கீழ உக்காந்து வாந்தி எடுக்குதுங்க. பேசுது, பயப்படாதீங்க. அந்த ஆளுதான்... எழுப்ப எழுப்ப எழுந்திருக்க மாட்டேங்கறாரு."

துளை டிரைவர் சீட்டுக்கு அடியில் இருந்தது. அதனால் முதல் புகை அவனுக்கு.

அவன் சாகவில்லை. பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான், பிறகு நடந்தேதான் வீட்டுக்கு வந்தான். அக்காவைத் தெரிகிறது, பாப்பாவைத் தெரிகிறது, பழைய கதையெல்லாம் ஞாபகம் இருக்கிறது. புதிதாக எதுவும் தங்கவில்லை. காலையில் சொன்னது மத்தியானம் இல்லை. புகை மூளையைத் தொட்டுவிட்டது என்றார் டாக்டர், அவ்வளவுதான்.

சைலன்சர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார், ஒன்றையும் மறைக்கவில்லை. "சட்டையைக் கழட்டச் சொன்னதே நான்தானே," என்றாள். இருவரும் அழுதார்கள்.

கட்-அவுட் இரண்டையும் அவரே வெட்டி எடுத்து, குழாயை மூடி ஒட்டி, துளைக்கும் தகடு வைத்து அடைத்தார். கார் இப்போது பட்டறைக்குப் பின்னால் உறை போட்டு நிற்கிறது. ரப்பர் வளையம் அவர் சட்டையின் இடது பையில் இருக்கிறது. எந்தச் சட்டை போட்டாலும் முதலில் அதை எடுத்துப் பையில் வைப்பார். நெஞ்சைத் தடவினால் இப்போதெல்லாம் எப்போதும் கைக்குத் தட்டுப்படுகிறது. அதனால் எந்த வேலையும் முடிந்ததாக அவருக்குத் தோன்றுவதில்லை. ஒரு வண்டியின் அடியில் மூன்று தடவை புகுந்து பார்க்கிறார்.

மைத்துனன் தினமும் காலையில் பட்டறைக்கு வருகிறான். ஒருநாள் அப்படித்தான் வந்தான். விடுமுறைக்கு வந்திருந்த பாப்பா அப்பாவுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். அவன் உறையை விலக்கிக் காரைப் பார்த்தான், முகமெல்லாம் சிரிப்பு.

"மாமா, இதுக்கு எலெக்ட்ரிக் கட்-அவுட் போடணும். ரெண்டு குழாயிலயும். ஞாயித்துக்கிழமை பாப்பாவைக் கொண்டுபோய் விடணும்ல, அதுக்குள்ள முடிச்சிடுங்க."

சைலன்சரின் உள்ளங்கை இடது பையைத் தடவியது. பாப்பாதான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஊருக்கு வந்த நாளிலிருந்து தினமும் சொல்கிற பதிலைச் சொன்னாள்.

"சரி மாமா. ஞாயித்துக்கிழமை போலாம்."