அளவுக்கு நின்ற பிள்ளைகள்

நுகேகொடையில் ஒரு கெமராக் கடையில் நின்றபோது வதனியின் அழைப்பு வந்தது. கடைக்காரர் என் முன்னால் ஒரு பிலிம் ஸ்கானரைத் திறந்து வைத்திருந்தார். அந்த வாரத்தில் நான் பார்க்கும் மூன்றாவது.

"அண்ணா, பெரியம்மா காலமை எங்களை விட்டிட்டுப் போட்டா."

"என்னெண்டு?"

"நித்திரையிலை. தேத்தண்ணியோடை எழுப்பப் போனனான்."

எடுக்கிறாயா தம்பி, என்று கடைக்காரர் சிங்களத்தில் கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன். ஐந்து மாதமாக எடுக்க முடியாதிருந்த முடிவு.

வதனியின் பெரியம்மா, வெள்ளவத்தைப் பவானி ரீச்சரை அறிந்தவர்களுக்கு இதை எழுதுகிறேன். உங்களில் அதிகம் பேர் அவருடைய மாணவிகள். நான் அவரிடம் படித்தவன் அல்ல. பழைய ஆவணங்களைப் படியெடுத்துப் பாதுகாக்கும் ஒரு சிறிய அலுவலகத்தில் வேலை செய்கிறேன். வதனி அங்கே என் சக ஊழியர். "பெரியம்மாட்டைக் கொஞ்ச ஸ்லைட் கிடக்கு, வந்து பாருங்கோ" என்றார். கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன்.

கொஞ்சம் என்பது நானூற்றுப் பன்னிரண்டு. இரண்டு பிஸ்கட் தகரங்கள். அட்டைச் சட்டத்துக்குள் தபால்தலை அளவு பிலிம். வெளிச்சத்தில் பிடித்தால்தான் படம். பலவற்றில் பூஞ்சணம் நூல் நூலாக ஓடியிருந்தது.

யாழ்ப்பாணத்தில் புவியியல் படிப்பித்த காலத்தில் எடுத்தவை. மணற்காட்டு மணல்மேடு. நிலாவரைக் கிணறு. கீரிமலைச் சுண்ணாம்புப் பாறை. ஒவ்வொன்றிலும் ஒரு மாணவி, கையில் மீற்றர் கோல். மேடு எவ்வளவு உயரம் என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும்.

"அளவுக்கு ஒரு பிள்ளை," என்றார் ரீச்சர். "அப்ப எனக்கு மண்தான் முக்கியம். பிள்ளை அசைஞ்சாப் பேசுவன்."

சட்டங்களில் இடத்தின் பெயர் இருந்தது. அதற்குக் கீழே சுரண்டிய தடம். எல்லாவற்றிலும். அங்கேதான் பிள்ளையின் பெயர் இருந்திருக்கிறது. கொழும்புக்கு வருவதற்கு முதல்நாள், யுத்தத்தால் வழியெல்லாம் சோதனைச் சாவடிகள் இருந்த காலம், ஒரு பிளேட்டை வைத்துக்கொண்டு நானூற்றுப் பன்னிரண்டையும் அவரே சுரண்டியிருக்கிறார்.

"கல்லையும் மணலையும் வைச்சிருந்தா ஆரும் கேள்வி கேக்கமாட்டினம். பேரோடை ஒரு பிள்ளையை வைச்சிருந்தாக் கேப்பினம். பேர் எனக்குள்ளை கிடக்கட்டும் எண்டு விட்டன்."

கிடந்தது. அந்தப் பிள்ளைகளில் சிலர் பிறகு இல்லாமல் போனார்கள். சிலருடைய வீட்டில் ஒரு படமும் மிஞ்சவில்லை. பெயர்களைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்பதுதான் ரீச்சருக்கு இருந்த ஒரே அவசரம். ஆனால் நீரிழிவு கண்ணைத் தின்றிருந்தது. ஸ்லைட்டை யன்னலில் பிடித்தால் அவருக்கு ஒரு மஞ்சள் புள்ளி. அவருடைய ஸ்லைட் புரொஜெக்டரின் பல்ப் எரிந்துபோய் வருடக்கணக்கு. புறக்கோட்டை முழுக்கத் தேடியும் அது கிடைக்கவில்லை. ரீவித் திரையில் பெரிதாகப் போட்டால் முகம் தெரியும் என்றார்.

என்னிடம் ஒப்படைத்தது அவ்வளவுதான்.

நான் ஸ்கானர்களை ஒப்பிடத் தொடங்கினேன். தட்டை ஸ்கானரில் பன்னிரண்டை ஒன்றாக வைக்கலாம். கூர்மை போதாது. பிலிமுக்கென்றே வரும் ஸ்கானர் கூர்மையானது. ஒவ்வொன்றாகத்தான் வைக்க வேண்டும். அகச்சிவப்புக் கதிரால் பூஞ்சணத்தைக் கண்டுபிடித்து அழிக்கும். ஆனால் சிலவகைப் பிலிம்களில் நிழலையும் பூஞ்சணம் என்று நினைத்து அழித்துவிடும். ஒளிப்பலகையில் வைத்துக் கெமராவால் எடுக்கலாம். அதற்கு வேறு லென்ஸ் வேண்டும். ஓர் அட்டவணை போட்டேன். அது நீண்டது.

"தம்பி, பொம்பிளை பாக்கிறவைகூட இவ்வளவு நாள் எடுக்கமாட்டினம்," என்றார் ரீச்சர். "உந்தப் போனிலை எடுத்து ரீவியிலை விடன்."

"தரம் வராது ரீச்சர். ஒருக்காத்தான் செய்யப்போறம். ஒழுங்காச் செய்வம்."

"ஆருக்குத் தரம்?"

நான் அட்டவணையின் அடுத்த வரியை வாசித்தேன். என் வேலையில் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

ஒருநாள் அவர் விடவில்லை. கைக்கு வந்த ஒரு ஸ்லைட்டை யன்னல் கண்ணாடியில் சாய்த்து, போனால் எடுத்து, ரீவியில் போட்டேன். ஓரம் மங்கல். யன்னல் கம்பி தெரிந்தது. ரீச்சர் கதிரையிலிருந்து எழும்பித் திரைக்குக் கிட்டப் போனார். முகம் இருந்த இடத்தில் கையை வைத்தார்.

"தவமலர். வாய் மூடாது. கோலை நேராப் பிடியடி எண்டா, மணல்தான் ரீச்சர் சரிவு எண்டு சொல்லுவாள்."

சிரித்தார். கையைத் திரையிலிருந்து எடுக்கவில்லை.

"அடுத்ததைப் போடு."

நான் போடவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன். அடுத்த கிழமை ஸ்கானர் முடிவாகிவிடும் என்றேன்.

அதற்குப் பிறகு ஏழு ஞாயிறுகள் அந்த வீட்டுக்குப் போனேன். தேநீர் குடித்தேன். அட்டவணையை வாசித்துக் காட்டினேன்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த பிறகு வதனி தகரங்களைக் கொண்டுவந்து தந்தார். ஏன் இவ்வளவு நாள் எடுத்தது என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஸ்கானர் நல்லது. சட்டையின் தையல் தெரிகிறது. கோலில் உள்ள சென்ரிமீற்றர்க் கோடுகளை எண்ண முடிகிறது. சட்டங்களின் சுரண்டிய இடத்தைச் சாய்வெளிச்சத்தில் பார்த்தேன். பிளேட்டின் கீறல்கள் மட்டும். ரீச்சர் எதையும் அரைகுறையாகச் செய்தவர் அல்ல.

உங்களில் சிலருக்குப் படங்களை அனுப்பினேன். உங்களை நீங்கள் கண்டுபிடித்தீர்கள். மற்றவர்களைப் பற்றி வந்த பதில்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி. முகம் தெரியுது, பேர் வரேல்லை. உங்களில் பிழை இல்லை. அவரவர் வகுப்பில் அவரவர் தோழிகள். எல்லா வகுப்பையும் அறிந்தவர் ஒருவர்தான்.

ரீச்சரிடமிருந்து என்னிடம் இருப்பவை: இரண்டு தகரம். பதில் சொல்லாத ஒரு கேள்வி. நானூற்றுப் பன்னிரண்டில் ஒரு பெயர்.

தவமலரின் ஸ்லைட்டை மட்டும் ஸ்கானரில் வைக்கவில்லை. போனில் எடுத்த படம் இருக்கிறது. ஓரம் மங்கல், நடுவில் யன்னல் கம்பி. தவமலர் சிரிக்கிறாள். கோல் சாய்ந்திருக்கிறது.