யாழ்ப்பாணத்துக்குப் போன கழுதை

முஃபீதா கதை எழுதும் முறையை அறிய விரும்புகிறவர்கள் முதலில் அவரிடம் ஓர் அபாயா தைக்கக் கொடுக்க வேண்டும். அளவுநாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு "கைய நீட்டுங்க" என்பார். நீட்டிய கைக்கு அளவெடுத்தபடியே, "வண்ணாத்திவில்லுப் பக்கம் ஒரு பொம்புள இருந்தாவாம்" என்று தொடங்குவார். அப்படி ஒரு பெண் வண்ணாத்திவில்லில் இல்லை. நேற்று அளவு கொடுத்துவிட்டுப் போனவராகக்கூட இருக்கலாம். கேட்பவர் கைபேசியைத் தடவினால் கதை இன்னும் வேகவில்லை. நீட்டிய கையை மடக்க மறந்து "பொறகு?" என்று கேட்டுவிட்டால் வெந்துவிட்டது. அவர் படியிறங்கியதும் முஃபீதா மெஷினில் கிடக்கும் துணியை ஒதுக்கிவிட்டு எழுத உட்கார்ந்துவிடுவார். அதனால்தான் புத்தளத்தில் சில அபாயாக்கள் பெருநாள் கழிந்து வருகின்றன.

இந்த முறை எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் சொல்லித் தரப்படவில்லை. பட்டறைக்கும் போனார். எங்கள் ஊர் இலக்கிய வட்டத்தின் தலைவர் ஃபைஸல் சேர் நடத்தியது. தலைப்பு: 'படைப்பூக்கம் வற்றாமல் காப்பது எப்படி?' வற்றாமலிருக்க ஃபைஸல் சேர் சொன்ன வழிகள்: விடியற்காலையில் சுபஹ் தொழுதுவிட்டுக் களப்புக் கரையோரம் நடக்க வேண்டும், தனிமையில் அமர வேண்டும், மனம் அமைதியான பிறகே பேனையைத் தொட வேண்டும்.

"நடக்கிற நேரம் பிள்ளைகளுக்கு யாரு சேர் இடியப்பம் அவிக்கிற?" என்று முஃபீதா கேட்டார்.

"நல்ல கேள்வி" என்று சொல்லிவிட்டு ஃபைஸல் சேர் அடுத்த விஷயத்துக்குப் போனார். அடுத்த விஷயம் அனுபவம். "சொந்த அனுபவத்த எழுதுங்க. ஒங்கட அடுப்படியில கத ஈக்கிது, முத்தத்துல கத ஈக்கிது. பட்டத எழுதுங்க, பயப்படாம எழுதுங்க!" என்று மேசையில் தட்டினார். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். முஃபீதாவும் எழுதிக்கொண்டார். அவருடைய தவறு, அதை நம்பியதுதான்.

ஃபைஸல் சேரின் அகராதியில் முஃபீதாவின் அனுபவம் என்றால் தொண்ணூறாம் ஆண்டு. வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றிய அந்த ஒக்டோபர். வாப்பாவும் உம்மாவும் யாழ்ப்பாணத்திலிருந்து உடுத்த உடுப்போடு வந்தவர்கள். முஃபீதா பிறந்தது அதற்குப் பல வருடங்களுக்குப் பிறகு, புத்தளத்தில், கிடுகு போட்ட முகாமில். யாழ்ப்பாணத்தை அவர் கண்டது இரண்டு தடவை, அதுவும் பஸ்ஸில் போய்ப் பஸ்ஸில் திரும்பியது. கோபம் வரும்போது மட்டும் வாப்பாவின் யாழ்ப்பாணப் பேச்சு வாயில் வரும். அவ்வளவுதான் அவரிடமிருந்த யாழ்ப்பாணம்.

ஆனாலும் உம்மா சொன்னதை வைத்து ஒரு கதை எழுதினார். அகதியாக வந்து இறங்கியவர்களுக்குப் புத்தளத்து மக்கள் தங்கள் வீட்டு உலையைத் தூக்கிக் கொடுத்த கதை. அது உண்மை, கொடுத்தார்கள். அந்தக் கதைக்கு இலக்கிய வட்டம் பரிசும் பொன்னாடையும் கொடுத்தது. பிறகு ஒவ்வொரு ஒக்டோபருக்கும் ஃபைஸல் சேர் போன் எடுப்பார். "தங்கச்சி, ஒங்கட அனுபவம் ஒன்று வேணும்." முட்டை ஆர்டர் கொடுப்பது போல. கேஸ் சிலிண்டர் வரிசையில் நடந்த சண்டையை எழுதிக் கொடுத்தார், திரும்பி வந்தது. வெளிநாட்டுக்குப் போன புருஷன் வீடியோ அழைப்பிலேயே குடும்பம் நடத்துவதை எழுதிக் கொடுத்தார், அதுவும் திரும்பி வந்தது. குறிப்பு ஒன்றுதான்: 'இதில் உங்கள் அனுபவம் எங்கே?'

பிறகுதான் அந்தக் கலியாணம் நடந்தது.

சித்தி லெய்லா உப்பு வியாபாரியின் மனைவி, ஊரில் பெரிய வீடு. 'சித்தி' அவர் பெயரில் பாதி, உறவுமுறை அல்ல; ஊர் அவரைத் 'தாத்தா' என்றுதான் அழைக்கும், எங்கள் பக்கத்தில் அக்காவுக்கு அந்தச் சொல். மகளின் கலியாண உடுப்பு முழுக்க முஃபீதாதான் தைத்தார். "வராமப் போனா கோவிப்பேன்" என்று சித்தி லெய்லா கையைப் பிடித்து அழைத்தார். முஃபீதா போனார். பெண்கள் பகுதியில் சஹன் வைத்திருந்தார்கள். ஒரு பெரிய தட்டில் சோறு, மேலே மூடி, சுற்றி ஆறு பேர். ஆறு பேரும் வந்து அமர்ந்தால்தான் மூடியைத் திறப்பது வழக்கம். முஃபீதா ஒரு சஹனில் போய் அமர்ந்தார்.

வந்தவர்கள் பார்த்தார்கள். "இங்க ஆள் வருது" என்று ஒருவர் கைப்பையை வைத்தார். பிறகு கைப்பையும் வேறு சஹனுக்குப் போய்விட்டது. "அது முகாம் புள்ள" என்று ஒரு குரல், மெதுவாகச் சொல்வதாக நினைத்துச் சொன்னது. சுற்றிலும் மூடிகள் திறந்தன, வாசம் பரவியது. முஃபீதாவின் சஹன் மூடியபடியே இருந்தது. கடைசியில் சித்தி லெய்லாவே ஒரு பிளாஸ்டிக் தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்தார். "நீங்க சங்கோஜப்படாமத் தனியா இருந்து திண்ணுங்க புள்ள."

அதே நேரம் வாசல் பக்கம் கூச்சல். தெருவில் திரிந்த கழுதையொன்று பந்தலுக்குள் புகுந்து மாப்பிள்ளை பெண் பெயர் எழுதியிருந்த பூ வளைவைப் பாதி தின்றுவிட்டது. கழுதைகள் எங்கள் ஊர்த் தெருவில் உரிமையோடு திரிகிறவை. எல்லோரும் சிரித்தார்கள், படம் பிடித்தார்கள். முஃபீதா பிளாஸ்டிக் தட்டைக் கொண்டுபோய்க் கழுதைக்கு முன்னால் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

இந்தக் கதையை மட்டும் அவர் யாருக்கும் அளவெடுத்தபடி சொல்லிப் பார்க்கவில்லை. சொல்ல முடியவில்லை. அன்று வெட்டிய அபாயாவில் ஒரு கை நீளம், ஒரு கை கட்டை.

"மதினி, கோவம் ஆறட்டும். பொறகு எழுதுங்க" என்றாள் தம்பியின் மனைவி நப்லா. பக்கத்து வீடு. எல்லாக் கதைகளையும் முதலில் வாசிப்பவள் அவள்தான்.

"ஆறினா மன்னிச்சிருவேன்" என்றார் முஃபீதா. "மன்னிச்சிட்டா என்னத்த எழுதுற?"

எழுதினார். 'மூடி' என்று பெயர் வைத்தார். ஊர் பெயர் புத்தளம் என்றே இருந்தது. ஆட்களுக்கு மட்டும் வேறு பெயர். வட்டத்தின் சிறுகதைத் தொகுப்புக்கு அனுப்பினார். இம்முறை கதை திரும்பி வரவில்லை. ஃபைஸல் சேரிடமிருந்து அழைப்பு வந்தது.

வீட்டுக்குப் போனதும் பிளேன்டீயும் பிஸ்கட்டும் வந்தன. ஃபைஸல் சேர் கண்ணாடியைக் கழற்றினார், போட்டார், மறுபடி கழற்றினார்.

"கத அருமை தங்கச்சி. நான் அழுதேன். பொய் செல்லல்ல."

"அல்ஹம்துலில்லாஹ். அப்ப வருது தானே?"

"வருது, வருது. சின்ன விசயம் ஒன்று. இது எங்கட ஊர்ல நடந்ததா ஈக்கிதே, அதத்தான் யோசிக்கிறேன்."

"எங்கட ஊர்ல தானே நடந்தது சேர்."

"அது ஓம். ஆனா தொகுப்புக்கு உதவி செய்றது யாரு? சித்தி லெய்லா தாத்தா. அவ வாசிக்க மாட்டா, ஆனா யாராவது போய் அவட காதுல செல்லுவான். இத யாழ்ப்பாணத்துல நடந்ததா மாத்தினா என்ன? அங்க ஒரு கலியாணம், அங்க ஒரு சஹன். கதைக்கு ஒரு சேதமும் இல்ல. சோகம் கூடத்தான் செய்யும்!"

முஃபீதா தேநீரைக் கீழே வைத்தார். வாப்பாவின் பேச்சு வந்துவிட்டது. "என்ன சேர் கதைக்கிறீங்கள்? யாழ்ப்பாணத்தில என்னை ஒருத்தரும் சஹன்ல தனிய விடேல்ல. நான் அங்க சாப்பிட்டதே இல்ல!"

"தங்கச்சி, இந்த ஊர் ஒங்களுக்குச் செஞ்ச உபகாரத்த மறக்கப்படாது."

"மறக்கேல்ல. அதுக்கு ஒரு கதை எழுதினன், நீங்கள்தான் பொன்னாடை போட்டீங்கள். இது மற்றக் கதை. பட்டத எழுதச் சொன்னதும் நீங்கள்தான். பட்ட இடத்தை மட்டும் மாத்திச் சொல்லோணுமா?"

"இலக்கியம் வேற, பிரச்சின வேற."

"ஊரை மாத்திப் போட்டா எனக்கு அந்தக் கதை வேண்டாம். அப்படியே போடுங்க, இல்லாட்டித் திருப்பித் தாங்க."

"சரி சரி. நான் பாத்துக்கிறேன்" என்றார் ஃபைஸல் சேர். கல்வித்துறையில் முப்பது வருடம் இருந்தவர். 'பார்த்துக்கொள்கிறேன்' என்ற சொல்லால் எத்தனையோ பேரை அனுப்பிவைத்த அனுபவம் அவருக்கு.

வெளியீட்டு விழாவுக்கு மண்டபம் நிறைந்தது. முன்வரிசையில் சித்தி லெய்லா, பொன்னிறக் கரை வைத்த அபாயாவில். தைத்தது யாரென்று சொல்லத் தேவையில்லை. பின்வரிசைகளில் முஃபீதாவின் குடியிருப்புப் பெண்கள். பகல் விருந்துக்குப் பக்கத்து மண்டபத்தில் சஹன்கள் வரிசையாக மூடிவைக்கப்பட்டிருந்தன. கூட்டம் பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம். எல்லோர் கையிலும் ஒரு பிரதி கொடுக்கப்பட்டிருந்தது.

முஃபீதா தன் கதையைத் திறந்தார். முதல் வரியிலேயே யாழ்ப்பாணம். புரட்டினார், மூன்று இடத்தில் யாழ்ப்பாணம். மேலே பதிப்பாசிரியர் குறிப்பு: 'பிறந்த மண்ணில் பட்ட காயத்தைப் புகுந்த மண்ணின் நிழலிலிருந்து நினைவுகூர்கிறார்.' பிறந்த மண்ணாம். முஃபீதாவின் காது மடல் சிவந்ததைப் பக்கத்திலிருந்த நப்லா கண்டாள்.

விமர்சன உரைக்கு வெளியூரிலிருந்து ஒரு விரிவுரையாளர் வந்திருந்தார். முஃபீதாவின் கதைக்கு வந்ததும் உருகினார். "கவனியுங்கள், யாழ்ப்பாணத்து மணப்பந்தலுக்குள் ஒரு கழுதை நுழைந்து பூ வளைவை உண்கிறது! அந்தக் கழுதை யார்? வரலாறு! பசித்த வரலாறு!"

கூட்டத்தில் சலசலப்பு. ஃபைஸல் சேர் ஊரை மாற்றிவிட்டார். கழுதையை மாற்ற மறந்துவிட்டார். யாழ்ப்பாணத் தெருவில் கழுதை திரிவதில்லை. எப்படி நினைவு வரும்? அவர் பிறந்த நாள் முதல் வாசலைத் திறந்தால் கழுதை. உலகத்தில் எல்லா ஊர்களிலும் வாசலைத் திறந்தால் கழுதை நிற்கும் என்றே அவர் நினைத்திருந்தார். இந்தத் தவறைப் புத்தளத்துக்காரர் மட்டும்தான் செய்ய முடியும்.

முன்வரிசையில் சித்தி லெய்லா எழும்பினார். அவர் கதையை வாசித்திருக்கவில்லை. காதில் விழுந்தது கழுதை மட்டும்தான்.

"யாழ்ப்பாணத்துல எங்கயாம் கழுத? அது எங்கட ஊட்டுக் கலியாணத்துல பூந்த கழுத! பூவெல்லாம் திண்டது. ஊருக்கே தெரியும், வீடியோ ஈக்கிது! எங்கட கலியாணத்த ஏன் ஃபைஸல் சேர் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு போயிட்டீங்க?"

சிரிப்பு எழுந்தது. சித்தி லெய்லாவும் பெருமையோடு சிரித்தார். ஃபைஸல் சேர் கைகளை ஆட்டிக்கொண்டு எழும்பினார்.

அப்போது நப்லா புத்தகத்தை உயர்த்திப் பிடித்தபடி எழுந்தாள். "அப்ப தாத்தா, அந்த மூடி தொறக்காத சஹனும் ஒங்கட ஊட்டுச் சஹன்தானா? பிளாஸ்டிக் தட்டும்?"

பக்கங்கள் புரளும் ஓசை வரிசை வரிசையாக வந்தது. அன்று கலியாணத்தில் கைப்பை வைத்தவர் மடியிலிருந்த கைப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். சித்தி லெய்லாவும் பிரதியைத் திறந்தார். வாசித்தார். சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

ஃபைஸல் சேர் ஒலிவாங்கியைப் பிடித்தார். "விருந்து தயாரா ஈக்கிது, எல்லாரும்..."

"இருங்க சேர்." முஃபீதா மேடையேறியிருந்தார். ஒலிவாங்கியைத் தன் பக்கம் திருப்பினார். "நான் அப்படியே போடுங்க, இல்லாட்டித் திருப்பித் தாங்க எண்டு சொன்னன். நீங்கள் ரெண்டும் செய்யேல்ல. நான் பட்டதை எடுத்து, நான் படாத இடத்தில வச்சிட்டு, என்ர பெயரைப் போட்டிருக்கிறீங்கள். இதைப் படிக்கிற யாழ்ப்பாணத்தான் என்னைப் பொய்க்காரி எண்டு சொல்லுவான். பேனை இருக்குதா?"

"ஈக்கிது... என்னத்துக்கு தங்கச்சி?"

"திருத்துங்க. யாழ்ப்பாணம் எண்டு இருக்கிற இடமெல்லாம் வெட்டிப் புத்தளம் எண்டு எழுதுங்க. ஒவ்வொரு பிரதியிலயும். உங்கட குறிப்பையும் சேர்த்து வெட்டுங்க."

"இவ்வளவு பிரதியிலயும் நான் ஒருத்தன் எப்ப எழுதி முடிக்கிற? சோறு ஆறுது!"

"அண்டைக்கு என்ர சோறும் ஆறினதுதான்."

ஃபைஸல் சேர் மேடையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் பிரதியில் வெட்டினார். முதலில் பின்வரிசைப் பெண்கள் தொடங்கினார்கள். பேனை இல்லாதவர்கள் கண்மைப் பென்சிலை எடுத்தார்கள். பசி வந்த ஆண்கள் பகுதியும் தொடங்கியது. முஃபீதா ஒலிவாங்கியில் பக்கத்தையும் வரியையும் சொல்லச் சொல்ல, மண்டபம் முழுக்கக் குனிந்து புத்தளம், புத்தளம் என்று எழுதியது. சொல்வதெழுதல் பரீட்சை போல இருந்தது. விரிவுரையாளரும் வரலாற்றை வெட்டிவிட்டுக் கழுதையைப் புத்தளத்துக்குத் திருப்பி அழைத்து வந்தார்.

சித்தி லெய்லா எழுதவில்லை. பிரதியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, யாரோடும் பேசாமல், சாப்பிடாமல் போனார். வெட்கமா, கோபமா, யாருக்கும் தெரியாது. முஃபீதா வைத்துத் தைத்த அந்தப் பொன்னிறக் கரையைப் பிரித்துத் தரச் சொல்லி அவர் இன்றுவரை வரவில்லை என்பது மட்டும் உறுதி.

பிறகு சஹன்கள் திறந்தன. முஃபீதா ஒன்றில் அமர்ந்ததும் ஆறு பேருக்கான இடத்தில் பத்துப் பேர் நெருக்கியடித்து வந்து அமர்ந்தார்கள். "தங்கச்சி, இறைச்சி எடுங்க!" "மதினி, இந்தப் பக்கம் சாஞ்சி இருங்க!" அடுத்த கதையில் வந்துவிடக் கூடாதென்ற பயம் ஒவ்வொரு விரலிலும் தெரிந்தது. முஃபீதா அந்தக் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். இதற்கும் கோபம்தான் வந்தது. ஆனாலும் சாப்பிட்டார், வயிறு நிறைய. பசித்த வயிறோடு எழுந்து போகும் முடிவை அவர் ஏற்கெனவே ஒரு கதையில் எழுதிவிட்டார்.

மறுவாரம் கற்பிட்டிப் பக்கமிருந்து ஒரு பெண் அளவு கொடுக்க வந்தார். முஃபீதா நாடாவை எடுத்தார்.

"கைய நீட்டுங்க. வண்ணாத்திவில்லுப் பக்கம் ஒரு சேர் இருந்தாராம். ஒரு கழுதையப் பிடிச்சு யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினாராம்..."

வந்தவர் கையை நீட்டியபடியே நின்றார்.

"பொறகு?"