ரத்தக்குழாய் வளரும் வரை

என் அக்கா இஸ்திரிக் கடை வைத்திருக்கிறாள். சின்ன வயதிலேயே வந்த சர்க்கரை, கண்ணைப் பாதி தின்றுவிட்டது. காலரைத் தடவிப் பார்த்தே மடிப்பு எடுத்துவிடுவாள். இன்சுலின் பேனாவில் உள்ள எண் மட்டும் தெரியாது. அதைத் திருகி வைப்பதும், ஊசி குத்துவதும், மீட்டரைப் பார்த்துச் சொல்வதும் அத்தான்தான். சர்க்கரை சொல்லாமல் கொள்ளாமல் இறங்கி, ஒருமுறை சூடான இஸ்திரிப் பெட்டிமேலேயே சாய்ந்துவிட்டாள். அந்தத் தழும்பு இன்னும் கையில் இருக்கிறது.

அதனால்தான், இறந்துபோன ஒருவரின் கணையத்திலிருந்து எடுத்த தீவுச் செல்களை அவள் கல்லீரலுக்குள் செலுத்தினார்கள். இனி அவையே இன்சுலின் சுரக்கும்.

"உடனே இல்லம்மா. இடம் மாறி வந்த செல்களுக்கு இன்னும் சரியான ரத்த ஓட்டம் கிடையாது. சுத்தி ரத்தக்குழாய் வளரணும். அதுவரைக்கும் ஊசியை விடாதீங்க. சர்க்கரை ஏறினா அந்தச் செல்லெல்லாம் செத்துடும்" என்றார் டாக்டர்.

அத்தான் பலமாகத் தலையாட்டினார். கட்டட மேஸ்திரி அவர். மனைவிக்குக் குணமாகிவிட்டது என்று பார்த்தவரிடமெல்லாம் தம்பட்டம் அடித்தார்.

"இனிமே தனியா பஸ் ஏறி உன் வீட்டுக்கு வருவேன்டி" என்றாள் அக்கா. அடிக்கடி தாகமெடுத்தபோது, "மாத்திரைச் சூடு" என்று சமாளித்திருக்கிறார் அத்தான். அவளும் நம்பினாள்.

அடுத்த பரிசோதனைக்கு நானும் போனேன். ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர் முகம் மாறியது. "செல்கள் ஏறக்குறைய எல்லாமே போயிடுச்சு. ஊசி ஒழுங்கா போட்டீங்களா?"

"ஒரு வேளைகூட தப்பலை டாக்டர்" என்றாள் அக்கா.

அத்தான் சுவரைப் பார்த்தார். "ஆரம்பத்துல சர்க்கரை நல்லா இருந்துச்சு. வேலைக்கு வந்த புது ஆளை சும்மா உட்கார வச்சா சோம்பேறியாயிடுவான்ல, புதுசா வந்த செல்லும் அப்படித்தானேன்னு நெனச்சேன். அதான்... மருந்து வைக்காம வெறும் ஊசியைக் குத்தினேன்."

மீட்டரில் ஏறிய எண்ணையும் குறைத்துச் சொல்லியிருக்கிறார் மகானுபாவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன் அத்தான், போட்ட கான்கிரீட் தளம் இறுகுறதுக்குள்ள முட்டுக் கொடுத்த சென்ட்ரிங் பலகையைப் பிரிப்பீங்களா? என் அக்கா உடம்புன்னா மட்டும் அவ்வளவு இளக்காரமா?"

"நல்லதுக்குன்னுதான் நெனச்சேன்" என்றார். நல்லதாம், நல்லது!

அக்கா எழுந்து, அவர் நீட்டிய கையை விட்டுவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஆட்டோவில் என் பக்கமாகச் சாய்ந்துகொண்டாள். பிறகு என் காதோடு சொன்னாள்.

"வெறும் ஊசியைக் குத்திட்டு, தினமும் வலிக்குதான்னு வேற கேப்பாருடி. நானும் இல்லைங்கன்னு சொல்வேன்."