எங்கள் வீட்டுக் கட்டைவிரல்

என் மகள் பிறந்ததும் அத்தை முதலில் பார்த்தது முகத்தை அல்ல, கையை. அப்பாவின் அக்காள், எனக்கு மாமியாரும் அவள்தான். குழந்தையின் கட்டைவிரல் மற்ற விரல்களைப் போலவே மெலிந்து நீண்டு மூன்று கணுவோடு இருந்தது. அத்தைக்கும் அவள் மகனான என் வீட்டுக்காரருக்கும் அப்படித்தான். "பாத்தியாட்டி, நம்ம வீட்டுக் கை," என்று கோவில்பட்டி ஆஸ்பத்திரி வார்டு முழுக்கக் கேட்கச் சொன்னாள். எனக்கு மட்டும் அந்த விரல் வாய்க்கவில்லை என்று சின்ன வயதிலிருந்தே குத்திக்காட்டுவாள்.

என் அப்பாவுக்கும் அதே விரல்தான். முப்பத்திரண்டு வயதில், பருத்திக் காட்டில் மூச்சு வாங்குகிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. அதை மட்டும் யாரும் விரலோடு சேர்த்துப் பேசியதில்லை. பெருமை என்றால் விரல், சாவு என்றால் தலையெழுத்து. என்ன நியாயமோ!

என் மகள் நாலு வாய் பால் உறிஞ்சுவதற்குள் நெற்றியெல்லாம் வேர்த்து இளைப்பாள். எட்டு மாதமாகியும் எடை ஏறவில்லை. "சோம்பேறிப் பிள்ளை, உன்ன மாதிரி," என்றாள் அத்தை.

சண்டை போட்டு, வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு மதுரைக்கு ரயிலேறினேன். டாக்டர் குழந்தையின் நெஞ்சில் குழாயை வைத்து வெகு நேரம் கேட்டார். விரலைப் பார்த்தார். பிறகு இவருடைய கையைப் பிடித்துப் பார்த்தார்.

"இதயத்துல ஓட்டை இருக்கும்மா. சில குடும்பங்கள்ல இந்த விரலும் அதுவும் சேர்ந்தே வரும். மெட்ராஸுக்கு எழுதித் தர்றேன். ஆபரேஷன் பண்ணா பிழைச்சுக்கும். தள்ளிப் போடாதீங்க."

இவரையும் சட்டையைக் கழற்றச் சொன்னதும் மனுஷன் பதறி வெளியே போய்விட்டார்.

அத்தை குதித்தாள். "நம்ம கையில சீக்கா? இது உங்க அம்மா வீட்டு ரத்தம்." நாத்தனாருக்கு எப்போதும்வென்றான் என்கிற ஊரில் மாப்பிள்ளை பேசி முகூர்த்தம் குறித்திருந்தது. அவளுக்கும் அதே விரல். "அவிய காதுல விழுந்தா பொண்ண எடுப்பாவளா? கல்யாணம் முடியட்டும், பொறவு போங்க. வெளிய வாயத் தொறந்த, பாத்துக்கோ."

இவரிடம் கெஞ்சினேன். "அம்மா சொல்லுதால்லா, ஒரு மாசம்தான," என்றார். டாக்டர் கொடுத்த கடிதம் டிரங்குப் பெட்டியில் கிடந்தது. நான் தனியாகவே போயிருக்கலாம். கையெழுத்துப் போட அப்பன் வேண்டும் என்பார்களே என்று பயந்து உட்கார்ந்திருந்தேன். என்மேல் எனக்குள்ள அந்தக் கோபம் இன்றைக்கும் ஆறவில்லை.

முகூர்த்தத்துக்கு ஒன்பது நாள் இருக்கையில், ஒரு மத்தியானம், உதடு நீலம் பாரித்து என் மடியிலேயே அடங்கிப்போனாள். சளிக் காய்ச்சல் என்று ஊருக்குச் சொன்னார்கள். சின்னப் பிள்ளைச் சாவுக்கு மூன்று நாள் தீட்டுப் போதும் என்று பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடித்தார்கள்.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. எனக்கு மார்பில் பால் கட்டி வலித்துக்கொண்டிருந்தது. பந்தியில் ஆள் போதவில்லை என்று அத்தை என்னைப் பாயசம் பரிமாறச் சொன்னாள்.