மாங்கேணிக்குக் கொண்டுபோன வெள்ளிக் காசுகள்

கிழக்கில் கண்ணகை அம்மன் கோயில்களின் வைகாசிச் சடங்குக் காலம். கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வந்து, விடியற்காலை மட்டக்களப்பில் இறங்கினேன். கையில் ஒரு பை, சட்டைப் பையில் ஒரு சிறிய தகர டப்பா. டப்பாவுக்குள் பழைய ஏதென்ஸ் நகரத்து வெள்ளிக் காசுகள் இரண்டு. சட்டைப் பொத்தானை விடச் சிறியவை. ஒரு பக்கம் பெண் தலை, மறுபக்கம் உருட்டி விழிக்கும் ஆந்தை. இலண்டனில் இருந்த காலத்தில் என் மனைவி வாங்கியவை. “விடைத்தாள் திருத்தும்போது என் முகம் இப்படித்தானே?” என்று ஆந்தையைக் காட்டிச் சிரிப்பாள், ஆசிரியை. கடந்த மாசியில் அவள் இறந்தபின் இவற்றோடுதான் பேசுகிறேன். வேறு யார் இருக்கிறார்கள்? மாங்கேணியில் இருக்கும் அவளுடைய அக்காவுக்கு, என் மச்சாளுக்கு, ஒருமுறை காட்டிவிட்டுத் திரும்புவதே திட்டம்.

ஆறரை மணிக்குப் பாலத்தைக் கடந்து புளியந்தீவில் இடியப்பமும் பால் விடாத பிளேன்ரீயும். “எத்தினை பேர்?” என்று கேட்டார் கடைக்காரர். விரலை மட்டும் காட்டினேன்.

எட்டு மணிக்கு வாகரை பஸ். மாங்கேணிக்கு ஏறக்குறைய ஐம்பது கிலோமீற்றர். டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த ஓட்டமாவடி ஊர் வியாபாரி எட்டிப் பார்த்தார். மாத்திரைகள் என்று நினைத்திருக்க வேண்டும்.

“குளிசையா ஐயா? நேரத்துக்குப் போடுங்க.”

“ஓம்” என்றேன். விளக்கியிருந்தால் அவர் இறங்கும்வரை பேச்சுத்துணை கிடைத்திருக்கும். எனக்குத்தான் வாய் வராது.

மாங்கேணியில் மச்சாள் வாசலிலேயே நின்றார். இரண்டு கண்ணிலும் புரை. அடுத்த வாரம் ஆசுபத்திரியில் சத்திரசிகிச்சை.

“மச்சானா? நடையிலயே தெரியுது.”

டப்பாவை அவர் கையில் கொடுத்தேன். காசுகளைத் தடவிப் பார்த்தவரின் முகம் மலர்ந்தது.

“கண்மலர்! வெள்ளிதானே? அம்மனுக்கு நேர்ந்திருக்கன் எண்டதுக்கு, நான் வாங்கிக்கொண்டு வாறன் எண்டு தங்கச்சி போன்ல சொன்னவள். சொன்ன மாதிரியே உங்களிட்டக் குடுத்து வச்சிருக்காள் பாருங்க.”

கண் நோய் தீர அம்மனுக்கு வெள்ளியில் கண் செய்து வைப்பது இங்கே வழக்கம். இது காசு, இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் பழசு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் இரண்டையும் இமைகளில் ஒற்றிக்கொண்டார். பறித்துக்கொண்டு ஓடிவிடலாம் போல இருந்தது.

“இதில என்னமோ புடைச்சுக் கிடக்கு மச்சான். என்ன அது?”

ஆந்தை என்று எப்படிச் சொல்வது? அது கூரையில் கத்தினாலே கல்லெடுத்து எறிகிறவர்கள் நாங்கள்.

“கண் மச்சாள். பெரிய கண்.”

நாலு மணிக்கு அவர் கையைப் பிடித்துக் கண்ணகை அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். பூசை செய்யும் கப்புகனார் நீட்டிய தட்டில், வேப்பிலைக்கு நடுவே, மச்சாளே இரண்டையும் வைத்தார். விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

மறுநாள் காலை பஸ் வரும்வரை மச்சாள் கூடவே நின்றார். “ஆப்பரேசன் முடியட்டும். அடுத்த சடங்குக்குக் கட்டாயம் வாங்க. உங்கட முகத்தைப் பார்க்க வேணும்” என்றார். அப்படிச் சொல்ல எனக்கு இப்போது வேறு யாரும் இல்லை. கண் தெரிந்து, அம்மன் காலடியில் ஆந்தையைக் கண்டால் என்ன சொல்வாரோ, அது வேறு விஷயம்.

கொழும்பில் வெள்ளவத்தை வீட்டுக் கதவைத் திறந்து, வழக்கம்போல, வெறும் டப்பாவை எடுத்து மேசையில் வைத்தேன். “வந்திட்டம்” என்றேன். மூடியைத் திறக்கவில்லை.