கடிகாரக்காரர் சொன்ன காரணம்

எங்கள் திருச்சி அலுவலகத்தின் சுவர்க்கடிகாரத்துக்குத் திங்கள்தோறும் சாவி கொடுக்க ஒரு நெட்டை மனிதர் வருவார். ஊசலின் ஆட்டத்தை உதடசைய எண்ணாமல் எதையும் தொடமாட்டார்.

பத்து மணிக்குப் பின் வந்தால் தாமதம். மூன்று தாமதத்துக்கு ஒரு நாள் விடுப்பு போகும். அலுவலகக் கடிகாரம் காட்டுவதே நேரம். இவை விதிகள். ஒரு திங்களன்று எனக்கு மூன்றாவது தாமதம். மிச்சமிருந்த ஒரே விடுப்பை, அலுவலகம் முழுக்கத் தெரிந்த என் கல்யாணத்துக்கு வைத்திருந்தேன். ஸ்ரீரங்கத்திலிருந்து சைக்கிளில் பறந்து வந்து நுழைந்தால், சுவர்க்கடிகாரத்தில் மணி பத்தாக இரண்டு நிமிடம் இருந்தது. ஊசல் கடிகாரக்காரர் கையில் இருந்தது.

“ஏன்யா நிறுத்தினீங்க?” என்றார் ஹெட்கிளார்க், சிவப்பு மைப் பேனாவுடன்.

“வெயில்ல ஊசல் கம்பி நீண்டு மெதுவா ஓடுதுங்க. சரிபண்றேன்.”

ஹெட்கிளார்க் மப்ளரை இறுக்கிக்கொண்டு தலையாட்டினார். நான் கையெழுத்திட்டேன்.

வாசலில் கடிகாரக்காரரைப் பிடித்தேன். “இது மார்கழியாச்சே! குளிர்ல கம்பி சுருங்கத்தானே செய்யும்?”

“முகூர்த்தத்துக்காவது நேரத்துக்குப் போங்க, மாப்பிள்ளை” என்றார்.