பந்துக் கடகம்

முதல் கடகம் கோயிலுக்கு. இரண்டாவது பந்துக்கு. வலை இழுத்த மனிதருக்கு அதற்குப் பிறகுதான். கரைவலை மணலில் ஏறியதும், வலைக்குச் சொந்தக்காரரான டொமினிக் சம்மாட்டி மீன் சேருகிற மடியை அவிழ்த்து, துள்ளுகிற மீனை இரண்டு கையாலும் அள்ளி ஓலைக் கடகங்களில் இந்த ஒழுங்கில்தான் போடுவார். கோயில் கடகத்தைக் குனிந்து நின்று நிரப்புவார். பந்துக் கடகத்துக்கு மட்டும் ஈர மணலில் முழங்காலில் இருந்துவிடுவார்.

“என்ன சம்மாட்டியார், மாதாவுக்கு இல்லாத முழங்கால் பந்துக்கோ?” என்று வலை இழுக்கிறவர்கள் பகிடி பண்ணுவார்கள்.

“மாதாவுக்கு நான் குடுக்காட்டியும் நாலு பேர் குடுப்பினம். இந்த அனாதைக்கு ஆர் இருக்கினம்?”

அந்த அனாதையின் பெயர் கடல்விளக்கு விளையாட்டுக் கழகம். மன்னார்த் தீவின் தென்கரையில் எங்கள் ஊருக்கென்று இருக்கிற ஒரே கால்பந்துக் கழகம். லீக்கில் இரண்டாம் பிரிவு. எத்தனையோ வருடமாக அங்கேதான். மேலே ஏறவில்லை. மூன்றாம் பிரிவு என்று ஒன்று இல்லாதபடியால் கீழேயும் இறங்கவில்லை. “விழுறதுக்கு இடமில்லாத கழகம்” என்று பக்கத்து ஊர்க்காரர் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

சம்மாட்டி தன் வாழ்நாளில் ஒரு பந்தைக் காலால் தொட்டவர் இல்லை. தொண்ணூறாம் ஆண்டு கழகத்தின் முந்தின போசகர் இராமேஸ்வரத்துக்கு வள்ளம் ஏறினார். ஏறும்போது கணக்குக் கொப்பியையும் காற்றடிக்கிற பம்பையும் கையோடு கொண்டுபோய்விட்டார். மிஞ்சியது பெயரும், சப்பிப்போன ஒரு பந்தும். இனி யார் பொறுப்பெடுப்பது என்று கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். எல்லாரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் டொமினிக் சம்மாட்டி எழும்பினார். அவர் எழும்பியது வெற்றிலை துப்ப. சனம் கைதட்டிவிட்டது. வாய் நிறைய எச்சிலோடு நின்றவர் இல்லையென்று சொல்ல வழியில்லாமல் தலையை ஆட்டினார். இன்றைக்கும் அந்தத் தலையாட்டலைத்தான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்.

விளையாட்டின் சட்டங்கள் அவருக்கு விளங்குவதில்லை. கோட்டோரம் குந்தியிருந்து தனக்குத் தெரிந்த பாஷையில் கத்துவார். “டேய், மடி வாயை மூடுங்கோடா! மடிக்குள்ள வந்த மீனை விட்டிட்டு நிக்கிறியள்!” என்றால் கோல் வாசலைக் காக்கச் சொல்கிறார் என்று பெடியளுக்கு விளங்கும். கோல் வாசலில் கட்டியிருப்பதும் அவருடைய பழைய வலைதான். ஒருமுறை நடுவர் வந்து வலைக் கண் சின்னதாக இருக்கிறதே என்றார். “குஞ்சு பட்டாத் திருப்பிக் கடலில விட்டிடுவம் ஐயா” என்றார் இவர், நடுவர் மீனைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்து.

அந்தப் பந்துக் கடகத்தை நெடுநாளாக ஏலத்தில் எடுத்துவந்தவள் நான். கருவாட்டுக்காக எடுப்பேன். சாளை, காரல், அதிர்ஷ்டம் இருந்தால் நாலு கும்பளா. நான் கொடுக்கிற காசைச் சம்மாட்டி எண்ணாமல் மால்ட் மா வந்த ஒரு பழைய தகரத்துக்குள் போட்டுவிடுவார். லீக்கின் நுழைவுக் கட்டணம் ஐந்நூறு, நடுவருக்கு முந்நூறு, பட்டணத்துக்குப் போக உழவு மெசினுக்கு எண்ணெய், வருடத்துக்கு ஒரு பந்து. தகரத்துக் காசு போதாமல் போனால் தன் வீட்டுப் பங்கிலிருந்து போடுவார். அவரைக் கஞ்சன் என்று சொல்கிறவர்களோடு நான் கதைப்பதில்லை. இரண்டு சாரத்தை மாறிமாறிக் கட்டுகிற மனிதன் அவர். அவர் வீட்டுக் கதிரையின் ஒரு காலுக்குக் கயிறுதான் கட்டு.

அட்டை என்று ஒன்று வந்த பிறகுதான் எல்லாம் மாறியது.

லீக்கில் பதிந்த ஒவ்வொரு விளையாட்டுக்காரனுக்கும் படம் ஒட்டி, நீல முத்திரை குத்தி, ஒரு வருட அட்டை கொடுப்பார்கள். ஆளுக்கு எழுபத்தைந்து ரூபா. பட்டணத்துக்குப் போகிற வளைவில் ஒரு சென்ரி, ஆமியின் காவலரண், இருக்கிறது. அங்கே நின்ற ஆமிக்காரப் பெடியன் ஒருவனுக்குப் பந்தென்றால் உயிர். அடையாள அட்டையை நீட்டினால் ஊரைப் பார்ப்பான், முகத்தைப் பார்ப்பான், ஒரு பக்கமாக நில் என்பான். இந்த அட்டையை நீட்டினால், “ஆ, போலே!” என்று பந்தைச் சொல்லிக் காலால் உதைத்துக் காட்டுவான். “ஹரி, யன்ன” என்பான். போகலாம் என்று அர்த்தம். ஊர் முழுக்கச் சிங்களத்தில் படித்த இரண்டு சொல் அதுதான். அவன் மாறிப் போன பிறகும் அட்டைக்கு அந்த மதிப்பு கொஞ்ச நாள் இருந்தது.

தாய்மாருக்கு இது போதாதா? சம்மாட்டி வீட்டு வாசல் படலையில் வரிசை. சளி பிடித்த பிள்ளை, மூக்குக்கண்ணாடி போட்ட பிள்ளை, குருமடத்துக்குப் போக இருந்த பிள்ளை, எல்லாருக்கும் பந்தடிக்க ஆசை வந்துவிட்டது.

“உங்கட மகன் ஓடுவானோ, பிள்ளை?” என்று சம்மாட்டி கேட்பார்.

“ஓடவேண்டி வரக்கூடாதெண்டுதானே சம்மாட்டியார் உங்களிட்ட வந்தனான்.”

அதற்குமேல் அவர் கேட்கமாட்டார். பதினெட்டாக இருந்த பெயர்கள் நாற்பத்துமூன்றாகின. பந்தை உதைக்கத் தெரிந்தவர்கள் அதில் பன்னிரண்டு பேர். காசில்லாத வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகம். அட்டைக் காசு முழுவதும் தகரத்திலிருந்து போனது. தகரத்தில் இல்லாதது சம்மாட்டியிடமிருந்து போனது.

மதலேனாவின் மகன் சந்தியோகு அப்படிச் சேர்ந்தவன்தான். பாட்டனின் பெயர். தகப்பன் கடலில் போனவர். தாயும் பிள்ளையுமாக ஒரு வீடு. பந்து தன்னிடம் வந்தால் மரியாதையாக விலகி வழி விடுகிற பிள்ளை. கணக்கில் கெட்டிக்காரன். பட்டணத்துக்கு ரியூசன் வகுப்புக்குப் போக அவனுக்கு அட்டை தேவைப்பட்டது.

அட்டை கூடக் கூடக் கடல் குறைந்தது. கடற்படை உத்தரவு போட்டது: காலை ஏழுக்குப் பிறகு இறங்கு, மூன்றுக்கு முன் ஏறு. கடலில் நட்ட கொடிக்கு அங்கால் போகாதே. பிறகு கொடி இன்னும் கரைக்குக் கிட்ட வந்தது. சில கிழமை கடலே இல்லை. கரைவலை தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். வலையை வள்ளத்தில் கொண்டுபோய் வளைத்துப் போட்டு, இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் நின்று இழுப்பார்கள். கயிறு எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரத்து மீன். சம்மாட்டியிடம் ஒரு பக்கத்துக்கு முந்நூறு பாகம், அதாவது முந்நூறு கைவிரிப்பு நீளம், இருந்தது. அவருடைய தகப்பன் காலத்திலிருந்து சேர்த்த கயிறு.

ஒரு நாள் நானாட்டானிலிருந்து வைக்கோல் வியாபாரி ஒருவர் கட்டுக்குக் கயிறு வாங்க உழவு மெசினில் வந்து கரையில் நின்றார். சம்மாட்டி கயிற்றைக் கைவிரித்துக் கைவிரித்து அளந்தார். ஒரு பக்கத்தில் நூறு பாகம், மற்றப் பக்கத்தில் நூறு பாகம்.

அவருடைய மனைவி மார்த்தா ஓடி வந்தார். “இஞ்சாருங்கோ, என்ன செய்யிறியள்?”

“தூரம் போக விடாதவங்கள். நீளக் கயிறு இருந்து என்ன? சும்மா கிடந்து எலி கடிக்குது.”

பேச்சு நியாயமாகத்தான் இருந்தது. அந்த வருடம் நாற்பத்துமூன்று அட்டையும் கயிற்றுக் காசில்தான் வந்தன. அடுத்த வருடம் பக்கத்துக்கு ஐம்பதாக இன்னொரு நூறு பாகம் போனது. வலை ஒவ்வொரு வருடமும் கரைக்குக் கிட்ட விழுந்தது. கிட்ட விழுகிற வலையில் வருவது குஞ்சும் பாசியும். பந்துக் கடகத்தின் அடி மறைவதே பாடாகிவிட்டது. நான் அதைப் பழைய விலைக்கே எடுத்தேன். எடுத்ததில் பாதியைக் கோழிக்குப் போட்டேன்.

வலை இழுக்கிறவர்களின் பெண்கள் சும்மா இருப்பார்களா? லூர்தம்மா இடுப்பில் கை வைத்து நடுக்கரையில் கேட்டாள்.

“உங்கட பந்து எங்கட கயிறையும் தின்னுது, சம்மாட்டியார். என்ர மனிசன் முழங்கால் தண்ணியில வலை போடுறார். இதுக்குப் பேர் தொழிலோ? பிள்ளையள் குளிக்கிற இடமெல்லோ!”

“உன்ர மூத்தவன்ர அட்டை எங்க, லூர்து?”

அவள் இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். மூத்தவனின் அட்டை அவள் சட்டைக்குள் செபமாலையோடுதான் இருந்தது. ஆனாலும் அவள் சொன்னது பிழை என்று நான் சொல்லமாட்டேன். அன்றைக்கு அவள் வீட்டில் உலை வைக்கவில்லை.

போன கார்த்திகை மாதம் சந்தியோகுவைக் கொண்டுபோய்விட்டார்கள். ரியூசன் முடிந்து வருகிற வழி. யார், எந்த வாகனம் என்று ஆளுக்கொரு கதை. அடுத்த நாள் தெருவோரத்துக் கடைக்காரர் மணலில் கிடந்ததென்று அட்டையைப் பொறுக்கிக்கொண்டு வந்து தாயிடம் கொடுத்தார். மதலேனா அதை எடுத்துக்கொண்டு நேரே சம்மாட்டியிடம் வந்தாள். அழவில்லை. படத்தை அவர் பக்கம் திருப்பிப் பிடித்தாள்.

“காட்டினவன், சம்மாட்டியார். கண்டவை சொல்லினம். காட்டினவனாம்.”

சம்மாட்டி சேட்டைப் போட்டுக்கொண்டு அவளோடு புறப்பட்டார். பொலிஸ், முகாம், செஞ்சிலுவைக் கந்தோர், மறுபடியும் முகாம். ஒரு மாதத்துக்கு மேல் நடந்தார்கள். எங்கேயும் அப்படி ஒரு பிள்ளை இல்லை. மடு மாதாவுக்கு நேர்த்தி வைப்போமென்றால் மடுவுக்குப் போகிற பாதையும் பூட்டு.

அதன்பிறகு படலையில் வரிசை நின்றுபோனது. அட்டையில் ஒன்றும் இல்லையென்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. இந்தத் தை பிறந்து பதிவுக் காலம் வந்தபோது, வலைக்காரர் எல்லாரும் சேர்ந்து வந்து, மிச்சக் கயிற்றையாவது விட்டுவையுங்கள் என்று கேட்டார்கள். பக்கத்துக்கு நூற்றைம்பது பாகம் மிஞ்சியிருந்தது.

“இனி ஆரை ஏய்க்க அட்டை?” என்றாள் லூர்தம்மா. கோபமாகச் சொல்லவில்லை. களைத்துச் சொன்னாள்.

“அட்டை இல்லாட்டி பெடியள் என்னத்தைக் காட்டுவாங்கள், லூர்து? வெறுங்கையையோ?”

வியாபாரி வந்தார். கயிறு போனது. அதில் பாதிக் காசைச் சம்மாட்டி வலைக்காரருக்குச் சமமாகப் பிரித்துக் கொடுத்தார். மிச்சம் தகரத்துக்குள். வலை கம்பில் காய்கிறது. கயிறில்லாத கரைவலை கோழிக்கூட்டுக்குத்தான் ஆகும். டொமினிக் சம்மாட்டி இப்போது சம்மாட்டி இல்லை. ஆனாலும் ஊரில் ஒருவரும் அவரை வேறு பெயரால் கூப்பிடுவதில்லை.

போன செவ்வாய்க்கிழமை அவர் பட்டணத்துக்குப் பதியப் போனார். மதலேனாவும் நானும் கூடப் போனோம். லீக்கின் செயலாளர் ஒரு வாத்தியார், நல்ல மனிதர். நாற்பத்துமூன்று படிவத்தையும் புரட்டினார். எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது சந்தியோகுவின் படிவம். மதலேனாவிடம் மிச்சமிருந்த இரண்டு படத்தில் ஒன்று அதில் ஒட்டியிருந்தது.

“சம்மாட்டியார், இந்தப் பிள்ளை…” என்று வாத்தியார் குரலைத் தாழ்த்தினார்.

“வருவான்.”

“வந்தாப் பிறகு பதிவம். நான் ஒண்டும் சொல்லமாட்டன். எழுபத்தைஞ்சு ரூபாவை ஏன் வீணாக்கிறியள்?”

“போன வருச அட்டை மார்கழியோட முடிஞ்சுது, மாஸ்டர். அவன் திரும்பி வரேக்க சென்ரியில என்னத்தைக் காட்டிப்போட்டு வீட்டை வாறது?”

வாத்தியார் மதலேனாவைப் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்தார். காசை எடுத்துக்கொண்டு முத்திரையைக் குத்தினார். குத்திவிட்டுப் படிவத்தின் அடியில் விரல் வைத்தார்.

“இதில விளையாட்டுக்காரன்ர கையெழுத்து வேணும். அவன் படிச்ச பிள்ளையெல்லோ.”

டொமினிக் சம்மாட்டிக்கு எழுத வராது. மேசையில் இருந்த மைப்பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார். கயிறு அறுத்துத் தழும்பேறிய பெருவிரலை அதில் உருட்டி, பையனின் பெயருக்கு நேரே வைத்து அழுத்தினார். வாத்தியார் படிவத்தை எடுக்கக் கை நீட்டினார். சம்மாட்டி விரலை எடுக்கவில்லை.